பின்கட்டையில் ஒரு அங்குலம்

இந்தப் பை உங்கள் காலில் இடிக்கிறதா அம்மிணி? மேலே வைக்கலாம்தான். வண்டி குலுங்கி யார் தலையிலாவது விழுந்தால் வம்பு. கனமான பை. தூக்கிப் பாருங்கள், தப்பில்லை. ஒரு கிலோ முந்நூறு கிராம். அப்படியே கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுங்கள்.

ஏழில் இறக்கிவிட்டீர்கள். துளசிமணி ஒன்பது வரைக்கும் பிடிப்பாள். துளசிமணி என் சம்சாரம். அவளைப் பார்க்கத்தான் திருப்பூர் போகிறேன். மகள் வீட்டில் இருக்கிறாள். நாலு மாதமாக அங்கேதான் இருக்கிறாள். இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். சோறு போட்டாள், மாடு கறக்கிறதா என்று கேட்டாள், பஸ் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். வரவில்லை. இன்றைக்கு எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

பையில் இருப்பதெல்லாம் துப்பாக்கிச் சாமான். பயப்பட வேண்டாம், துப்பாக்கி இதில் இல்லை. அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத்தான் வருகிறேன். தேர்தல் என்றால் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லாரும் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். காலையில் வரிசையில் பதினோரு பேர் நின்றோம். என் முறை வந்து துப்பாக்கியை மேசைமேல் வைத்ததும், ரைட்டராக இருக்கிற அந்தப் பெண்பிள்ளை பேனாவை மூடிவிட்டது.

"என்னங்கய்யா இது, தேர் ஜோடிச்ச மாதிரி கொண்டாந்திருக்கறீங்க?"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது டார்ச்சு, இது தோட்டாப் பட்டை, இது பெல்ட்டு, இது சிவப்புப் புள்ளி தெரிகிற கண்ணாடி, இது உதை தாங்குகிற ரப்பர். அந்தப் பிள்ளை லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல துப்பாக்கின்னு ஒண்ணுதான் இருக்குது. இந்தப் பாத்திரக்கடைய எல்லாம் நான் எந்தக் கட்டத்துல எழுதறது? கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போயிருங்க" என்றது. பக்கத்து டூவீலர் பட்டறையில் ஸ்பேனர் வாங்கி வந்து, ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கழற்றினேன். முக்கால் மணி நேரம் ஆனது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் யாருக்காகச் செய்தேன்? அவளுக்காகத்தானே செய்தேன்.

நாங்கள் இருப்பது தோட்டத்துக்குள்ளேயே கட்டின சாளை வீட்டில். முத்தூர் ரோட்டிலிருந்து வண்டித்தடத்தில் ஒரு மைல் உள்ளே போக வேண்டும். நான், அவள், இரண்டு மாடு, ஒரு நாய். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது. முப்பது வருஷம் அப்படியே இருந்தோம், ஒன்றும் தோன்றவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில், வயசான புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரை அடித்துப் போட்டுவிட்டு நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலில் நாய்க்குக் கறியில் மருந்து வைத்துவிட்டார்கள். நாய் குரைக்கவே இல்லையாம். அதற்கப்புறம்தான் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நான் கொப்பரை வியாபாரம். வாரத்தில் மூன்று நாள் வெளியே போவேன், திரும்பி வரப் பொழுது இறங்கிவிடும். அவள் தனியாக இருக்கிறாளே என்று மண்டியில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. "கதவு இருக்குதுங்க, தாப்பாள் இருக்குதுங்க, அப்பறம் என்ன" என்பாள். பெண்களுக்கு ஆபத்து தெரிவதில்லை. உங்களைச் சொல்லவில்லை.

லைசென்ஸுக்கு ஒன்றரை வருஷம் அலைந்தேன். நான் இல்லாதபோது அவளும் எடுக்கலாம் என்று அவள் பேரையும் சேர்க்க வைத்தேன். அதற்கு ஒரு ஆறு மாதம். அப்புறம் துப்பாக்கி வந்தது. ரெட்டைக் குழல். மூன்று கிலோ நூறு கிராம், கொப்பரைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தோட்டத்துத் தரிசில் ஒரு பழைய எண்ணெய் டின்னை வைத்து, நான் மூன்று தடவை சுட்டேன். டின் அப்படியே இருந்தது. அன்றைக்குக் காற்று. சும்மா பிடித்துப் பார் என்று அவளிடம் கொடுத்தேன். வாங்கினாள், தோளில் வைத்தாள், டின்னைக் காணோம். அதிர்ஷ்டம்தான், வேறு என்ன. நான் அப்படிச் சொன்னதற்குச் சிரித்தாள். "இது போதுமுங்க" என்றாள்.

போதும் என்றாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் பெண்கள் போதும் என்று சொன்னால் போதாது என்று அர்த்தம். புடவைக் கடையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

முதலில் ரப்பர்தான் வாங்கினேன். சுட்ட அன்று அவள் தோளில் வெற்றிலை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. அவள் சொல்லவில்லை, நாலு நாள் கழித்து நானாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? தோளில் அண்டக் கொடுக்கிற பின்கட்டை இருக்கிறது பாருங்கள், அதன் முனையில் வைத்துத் திருகுகிற ரப்பர். ஒரு அங்குலம். ஒரு அங்குலம்தான். "கொஞ்சம் நீட்டமாப் போச்சுங்க" என்றாள். பழகிவிடும் என்றேன்.

டார்ச்சு மாப்பிள்ளை யோசனை. மாப்பிள்ளை நவநீதன் பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை, போனிலேயே எல்லாம் வரவழைத்துவிடுவார். "மாமா, ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில துப்பாக்கின்னா அத்தை எப்படிச் சுடுவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீங்களே சொல்லுங்கள், நியாயமான கேள்விதானே? குழலோடு சேர்த்துக் கவ்வுகிற மாதிரி ஒரு டார்ச்சு வந்தது. முந்நூற்றைம்பது கிராம். முந்நூற்றைம்பது கிராம் ஒரு கனமா என்று நானும் நினைத்தேன். ஆனால் அது குழலின் நுனிப் பக்கம் உட்காருகிறது. அங்கே உட்கார்ந்தால் அதே முந்நூற்றைம்பது மூன்று மடங்காகத் தெரிகிறது. அவள் தூக்கினால் மூக்கு கீழே கீழே போனது. "முன்னாடி யாரோ புடிச்சுத் தொங்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

சரி, முன்னால் கனம் என்றால் பின்னால் கனம் ஏற்றினால் சரியாகிவிடும், இல்லையா? அதற்குத்தான் தோட்டாப் பட்டை. பின்கட்டையில் மாட்டிவிட்டால் ஆறு தோட்டா செருகி வைக்கலாம். அவசரத்தில் தோட்டாவைத் தேட வேண்டாம், கனமும் சமமாகிவிடும். மாட்டிவிட்டு நடுவில் ஒரு விரலை வைத்தேன். தராசு மாதிரி நின்றது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நிக்குதுங்க. நின்னா போதுமா? திருப்ப வேண்டாமா?"

"திருப்பேன். யாரு வேண்டாங்கறா?"

"ரெண்டு பக்கமும் கொடத்தக் கட்டித் தோள்ல வெச்சிருக்கறவன வெடுக்குனு திரும்பச் சொல்லிப் பாருங்க" என்றாள்.

அவள் எட்டாவதுதான் படித்தவள். ஆனால் அவள் சொன்னது சரிதான், நான் பிடித்துப் பார்த்தேன். தூக்க லேசாகத்தான் இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினால் முதலில் வரமாட்டேன் என்கிறது, வர ஆரம்பித்தால் நிற்கமாட்டேன் என்கிறது. ஆனாலும் எனக்குச் சிரமமாக இல்லை. எனக்கே சிரமமில்லை என்றால் பழகினால் அவளுக்கும் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் மொத்தமே கனம் என்றாள். அதற்குப் பெல்ட்டு. தோளில் மாட்டிக்கொண்டால் கைக்கு வலி இல்லை. பெல்ட்டு கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுகிறது, அரிசி டிரம்மில் மாட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியாக அந்தச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி. குறி பார்க்கவே வேண்டாம், உள்ளே பார்த்தால் புள்ளி தெரியும், புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே குண்டு போகும். ஆனால் முதலில் பொத்தானைப் போட வேண்டும். கண்ணை நேராக வைக்க வேண்டும். அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நான் புள்ளியத் தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள வந்தவன் காப்பி வெச்சுக் குடிச்சுட்டே போயிருவான்" என்றாள். இன்னொரு நாள், "கல்யாணத்தப்ப எனக்குக்கூட இத்தன பூட்டலீங்க" என்றாள். தமாஷாகப் பேசுவாள். இப்போது பேசுவதில்லை.

நாலு கிலோ நானூறு. எல்லாம் சேர்த்து நாலு கிலோ நானூறு. டின்னைச் சுட்டதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட அதைச் சுட்டுப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஒவ்வொரு சாமான் மாட்டியதும் நான்தான் சுட்டுப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று, அந்த டார்ச்சு நல்ல டார்ச்சு. தென்னந்தோப்பின் கடைசி மரம் வரைக்கும் பட்டப்பகல் மாதிரி அடிக்கும். வீட்டில் இருந்த பழைய டார்ச்சு அதற்கு முன்னால் அகல்விளக்கு. பேட்டரி தீர்ந்ததும் நாங்கள் அதற்கு வேறு போடவில்லை, இது இருக்கும்போது அது எதற்கு? கரண்டு போனால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டுதான் மாட்டுக் கொட்டகைக்குப் போவேன். மோட்டார் ரூமுக்குப் போவேன். ஒரு விடியற்காலை, கறவைக்கார மாரப்பன் வந்தான். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து அவன்மேல் அடித்தேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான், பால் பிடிக்கிற தூக்குப்போசி கீழே உருண்டுவிட்டது. "ஏனுங்கய்யா, நேத்துப் பாலு தண்ணியா இருந்ததுக்குங்களா?" என்றான். நானும் துளசிமணியும் அன்றைக்கு முழுக்கச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். நான் பொய் சொல்லவில்லை.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? நல்லூரா? நேரம் இருக்கிறது.

கார்த்திகை மாதம் அது. நல்ல மழை. நான் அன்றைக்கு வெள்ளகோவிலில் மாட்டிக்கொண்டேன். அதனால் நடந்ததை நான் பார்க்கவில்லை. துளசிமணியும் மகளும் சொன்னதைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கே கரண்டு போய்விட்டது. கரண்டு போனதும் டவரும் போய்விட்டது, போன் வேலை செய்யவில்லை. எங்கள் மகள் ரேணுகா, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சாயங்காலம் யாரோ சொல்லக் கேட்டு, கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். கிடைக்கவில்லை. பயந்துபோய்க் குழந்தையையும் தூக்கிக்கொண்டு காரை எடுத்துவிட்டாள். குழந்தைக்கு மூன்று வயசு, மிதுனா. வண்டித்தடத்தில் பாதி வந்ததும் கார் சேற்றில் புதைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு மோட்டார் ரூம் வாசலில் உரச்சாக்கு கிடந்திருக்கிறது. அதை ஒரு மூலைக்குள் ஒரு மூலையைத் தள்ளிக் கொங்காடையாகத் தலைக்குப் போட்டுக்கொண்டு, அதற்குள் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள். சின்ன வயசில் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

ஏழு மணி இருக்கும். துளசிமணிக்குத் தடத்தில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. நாய் எழுந்து ஓடியது. குரைக்கவில்லை.

நாய் எப்படிக் குரைக்கும் அம்மிணி? அது ரேணுகா வளர்த்த நாய். ஆனால் துளசிமணிக்கு அந்த நேரம் அது தோன்றவில்லை. நாய் போனது, சத்தமே இல்லை என்றால் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். கிழக்குத் தோட்டத்திலும் நாய் குரைக்கவில்லை. அதை அவளிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன், நாய் குரைக்காவிட்டால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று. நான்தான் சொல்லியிருக்கிறேன்.

வெளிச்சம் வேண்டும் என்றாலும் துப்பாக்கிதான், வேறு டார்ச்சு இல்லை. எடுத்தாள். பட்டையிலிருந்து இரண்டு தோட்டாவை உருவிப் போட்டாள். பாருங்கள், அந்த இடத்தில் பட்டை எவ்வளவு வசதி. கதவைத் திறந்தாள், பெல்ட்டு தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டே டார்ச்சைப் போட்டாள். மழையில் அந்த வெளிச்சம் வெள்ளைச் சுவர் மாதிரி அடித்தது. அதற்கு நடுவில் சாக்கு போட்ட ஒரு ஆள். நெஞ்சில் எதையோ மறைத்துப் பிடித்துக்கொண்டு வருகிறான். நில்லு என்று கத்தியிருக்கிறாள். ரேணுகாவுக்கு வெளிச்சத்தில் கண் தெரியவில்லை, தகரக் கூரையில் மழை, காதும் கேட்கவில்லை. அப்பா டார்ச்சு அடிக்கிறார் என்றுதான் நினைத்தாளாம். அம்மா வீட்டுக்கு வருகிறவள் எதற்காக நிற்பாள்? வந்துகொண்டே இருந்தாள்.

அப்புறம் சாக்குக்குள்ளிருந்து குழந்தை அழுதது.

துளசிமணி அப்படியே கையை விட்டுவிட்டாள். துப்பாக்கி கீழே விழவில்லை. தாழ்ப்பாளில் பெல்ட்டோடு தொங்கிக்கொண்டு, வெளிச்சம் மட்டும் வாசலில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்ததாம். ரேணுகா குழந்தையோடு வந்து அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறாள்.

நான் எட்டரைக்கு வந்தேன். ரேணுகா அடுப்படியில் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துளசிமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்ன ஆச்சு, கார் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சாதாரணமாக, உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நான் சுட்டுட்டனுங்க. வெரலு எட்டல. அவ்வளவுதான்."

எனக்குப் புரியவில்லை. துப்பாக்கியைப் போய் எடுத்துப் பார்த்தேன். இரண்டு தோட்டாவும் உள்ளே இருந்தன. சுடாமல் தடுக்கிற சேஃப்டியைத் தள்ளித்தான் வைத்திருந்தாள். கட்டை நீளமாகிப் போனதால், தோளில் அண்டக் கொடுத்தால் அவள் கை விசைக்குப் போய்ச் சேரவில்லை. விரல் நுனி பட்டிருக்கிறது, மடக்க முடியவில்லை. ஒரு அங்குலம். நான் வைத்த ரப்பர் ஒரு அங்குலம்.

நான் அப்போது ஒன்று சொன்னேன். "நான் ரப்பர் வெச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தீங்களா" என்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். எல்லாரும் பதறிப் போயிருக்கிறார்களே, மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று. ரேணுகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் சரியாகவே பேசுவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் சொன்னதில் என்ன தப்பு? அந்த ரப்பர் இல்லையென்றால் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும்?

மறுநாள் காலையில் டிராக்டர் வைத்துக் காரை இழுத்தோம். துளசிமணி இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது உப்புப் போட மறந்துவிடாதீர்கள் என்றாள். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கூப்பிடப் போனபோதெல்லாம் ரேணுகாதான் சொல்கிறாள், "அம்மா ராத்திரி சோத்துல கைய வெச்சுட்டுத் தன்னோட வெரலையே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்கப்பா" என்று. விரலில் என்ன இருக்கிறது? சேதம் ஒன்றும் ஆகவில்லையே.

எனக்கு அங்கே தனியாக இருக்க ஒன்றும் பயம் இல்லை. பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிடுவேன், அவ்வளவுதான். கொப்பரைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் போகிறேன், அதுவும் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவேன். மாடு இருக்கிறதில்லையா, அதற்காக. துப்பாக்கியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இன்றைக்கு ராத்திரி அதுவும் இருக்காது. அதனால்தான் இன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று புறப்பட்டேன். அவளுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும்.

இன்றைக்கு ஒரு நல்லதும் நடந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் அர்த்தநாரி என்று ஒருவர், மிலிட்டரியில் இருந்துவிட்டு பேங்கில் காவல் இருக்கிறார். நான் எல்லாம் கழற்றியதும் என் துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். ரப்பர் இல்லை, டார்ச்சு இல்லை, மொட்டை அடித்த குழந்தை மாதிரி இருந்தது. "இத்தன நல்ல துப்பாக்கிய ஏனுங்க இப்பிடிப் பண்ணி வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். நான் விரல் எட்டாத விஷயத்தைச் சொன்னேன். குழந்தை, சாக்கு, அதெல்லாம் சொல்லவில்லை. எட்டவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"ரப்பர் போயும் எட்டலீன்னா கட்டையக் குறைக்கோணுமுங்க. ஆசாரி அரை அங்குலம் அறுத்துக் குடுத்துருவாரு. கைய மடக்கி, முழங்கை மடிப்புல இருந்து ஆள்காட்டி வெரலு வரைக்கும் அளந்துக்கோணும். வூட்டுக்காரம்மா கை எவ்வளவு?"

"நடுத்தரமா இருக்குமுங்க" என்றேன்.

"நடுத்தரமுன்னா? நீங்க என்ன ரெடிமேட் ஜாக்கெட்டுங்களா கேக்கறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். முப்பத்து நாலு வருஷம். அவள் காலில் போடுகிற செருப்பு அளவு எனக்குத் தெரியும். வளையல் அளவு தெரியும், இரண்டேகால். கை நீளம் தெரியவில்லை. எந்தப் புருஷனுக்குத் தெரியும், சொல்லுங்கள்.

ஆனால் வழி தெரிந்துவிட்டது. இத்தனை நாள் நான் அவளிடம் போய், வா, வா என்று மட்டும்தான் சொன்னேன். அவள் சொன்ன குறையைச் சரி செய்யவே இல்லை. அவள் சொன்ன குறை ஒன்றுதானே? விரல் எட்டவில்லை என்றாள். இப்போது எல்லாச் சாமானும் போய்விட்டது. ஓட்டு எண்ணி முடிந்ததும் துப்பாக்கியை வாங்கி, அவள் கை அளவுக்குக் கட்டையை அறுத்துவிட்டால் தீர்ந்தது. அதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன். முதலில் ரேணுகாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள்.

இருங்கள், அவள்தான் கூப்பிடுகிறாள்.

"சொல்லு ரேணுகா. காங்கயம் தாண்டியாச்சு... பாப்பா சாப்புட்டாளா... சரி, சரி, குடுக்க வேண்டாம், வெளையாடட்டும். உங்கிட்டத் துணி அளக்கற டேப்பு இருக்குதா?... அம்மாளக் கைய மடக்கச் சொல்லி, மடிப்புல இருந்து ஆள்காட்டி வெரலு வரைக்கும் எத்தனன்னு அளந்து சொல்லு... சும்மாதான்... ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா... சரி, அவகிட்டயே குடு."

"துளசி, நாந்தான்... ஆமா, எல்லாத்தையும் கழட்டியாச்சு. பையில போட்டுட்டு வந்துட்டிருக்கறேன், நீயே பாரு... ஆமா, எட்டோணுமல்ல. இனிமே எட்டிரும்... ஏன், என்ன... துளசி... கேக்குதா... என் கையா? என் கைய எதுக்கு..."

வைத்துவிட்டாள்.

இல்லை, டவர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மிதுனா எதற்கோ சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. துளசிமணி முதலில் ஒரு கேள்வி கேட்டாள். "எட்டோணுமாங்க?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அப்புறம், "அங்க தனியா இருக்கறது நீங்கதானுங்க. உங்க கைய அளந்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். நான் தனியாக இருக்கிறேனே என்று அவளுக்கு இருக்கிறது, பார்த்தீர்களா? அக்கறை இல்லாவிட்டால் அப்படிச் சொல்வாளா?

நீங்களும் ஒரு பெண். சொல்லுங்கள். அதற்கு வருகிறேன் என்று அர்த்தமா, வரமாட்டேன் என்று அர்த்தமா?

நல்லூர் வந்துவிட்டது, இறங்குங்கள். பார்த்து இறங்குங்கள். பையை நான் நகர்த்திக்கொள்கிறேன். என் கையை எதற்கு அளக்கச் சொல்கிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை அம்மிணி. எனக்கு அது முதல் நாளே எட்டியது.